உழவு இயந்திரத்துக்கு இழுவைச் சங்கிலி: கண்ணியில் பொறித்திருப்பதைப் படித்து வாங்குதல்

சங்கிலி வாங்கப் போகும்போது தடிப்பை அளக்கும் ஒரு வேர்னியரும் ஒரு பழந்துணித் துண்டும் கொண்டுபோங்கள். துணி, கண்ணியில் படிந்த எண்ணெயைத் துடைத்து அதில் பொறித்திருக்கும் எண்ணைப் படிப்பதற்கு. வேர்னியர், கடைக்காரர் சொல்லும் அளவு உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. இரண்டும் இல்லாமல் போனால் மிஞ்சுவது கண்ணளவுதான். இழுவைச் சங்கிலியில் கண்ணளவை நம்பினால் ஆள் போகும்.

வன்னியில் இந்தச் சங்கிலிக்கு வேலை வரும் காலங்கள் தெரிந்தவை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் காலபோக உழவு நடக்கும்போது உழவு மெசின் புதையும். தை, மாசியில் அறுவடை நேரத்தில் பின்மழை பிடித்துக்கொண்டால் வெட்டு மெசினும் நெல் ஏற்றிய பெட்டியும் தாழும். வெயில் காலத்தில் காணி திருத்துகிறவர்கள் மரத்தின் அடிக்கட்டை பிடுங்குவார்கள். மூன்று வேலைக்கும் ஒரே சங்கிலி போதும், சரியானதாக வாங்கினால்.

கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, வவுனியா இரும்புக் கடைகளில் கிலோக் கணக்கில் வெட்டித் தரும் சங்கிலி பெரும்பாலும் சாதாரண மென்னிரும்பு. படலை கட்ட, மாடு கட்ட, முல்லைத்தீவுப் பக்கம் வள்ளத்து நங்கூரத்துக்கு அது நல்ல சாமான். அதன் கண்ணிகளில் எந்த எழுத்தும் இருக்காது. எழுத்து இல்லாத சங்கிலி எத்தனை தொன்னில் அறும் என்று விற்கிறவருக்கும் தெரியாது, செய்தவரும் அதற்குப் பொறுப்பு ஏற்கவில்லை. அதை வைத்து இரண்டு தொன் மெசினை இழுக்கக் கூடாது.

பொறித்திருக்கும் எண் என்ன சொல்கிறது

தரமான சங்கிலியில் ஒவ்வொரு மீற்றருக்குள்ளும், அல்லது 20 கண்ணிக்கு ஒருமுறையாவது, தரத்தின் எண்ணும் செய்தவரின் குறியும் பொறிக்கப்பட்டிருக்கும். 3 அல்லது 30, 43, 7 அல்லது 70, 8 அல்லது 80, 10 அல்லது 100 என்று வரும். கடையில் இதைக் 'கிரேட்' என்பார்கள். எண் கூடக் கூட அதே தடிப்பில் இரும்பின் பலம் கூடும். கிரேட் 30 மென்னிரும்பு. கிரேட் 80உம் 100உம் கலப்புருக்கைச் சூடாக்கிப் பதப்படுத்திச் செய்தவை.

கணக்கு லேசானது. கண்ணிக் கம்பியின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, கிரேட் எண்ணாலும் பெருக்கி, 625ஆல் வகுத்தால் சங்கிலி அறும் பாரம் தொன்னில் வரும். 10 மில்லிமீற்றர், கிரேட் 80 என்றால் 10 × 10 × 80 ÷ 625 = 12.8 தொன். அதே 10 மில்லிமீற்றர் கிரேட் 30 என்றால் 4.8 தொன்தான். கையில் பிடித்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பலத்தில் ஒன்று மற்றதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

ஆனால் அறும் பாரத்தை வைத்து வேலை செய்வதில்லை. அதை நாலால் வகுத்து வருவதே வேலைப் பாரம். கிரேட் 80க்கு அட்டவணையில் தரும் எண்கள்: 8 மில்லிமீற்றருக்கு 2 தொன், 10க்கு 3.15, 13க்கு 5.3, 16க்கு 8 தொன். கிரேட் 100இல் 10 மில்லிமீற்றர் 4 தொன் தாங்கும், 13 மில்லிமீற்றர் 6.7 தொன் தாங்கும். இந்த எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

தடித்த சங்கிலியே பலம் என்ற எண்ணம் எங்கும் உண்டு. கிரேட் 80இல் 10 மில்லிமீற்றர் தாங்குவதைக் கிரேட் 30இல் தாங்க வைக்க 16 மில்லிமீற்றர் அளவில் வேண்டும். 6 மீற்றர் நீளத்தில் முதலாவது ஏறக்குறைய 13 கிலோ, இரண்டாவது 34 கிலோ. சேற்றுக்குள் முழங்கால் புதைய நின்று 34 கிலோவைத் தூக்கிக் கொழுவுகிறவருக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும். பாரம் என்றபடியால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு நைலோன் கயிற்றோடு வயலுக்கு வருவதும் நடக்கிறது.

மஞ்சள் பூசிய சங்கிலியைக் காட்டி 'லொறிச் சங்கிலி, நல்ல பலம்' என்று தருவார்கள். அது கிரேட் 70ஆக இருக்கலாம். லொறியில் சாமான் இறுக்கிக் கட்டவென்று செய்தது. 10 மில்லிமீற்றர் அளவில் வேலைப் பாரம் 3 தொன் அளவுக்கு வரும். நிலத்தில் இழுக்கப் பிழையில்லை, தூக்குவதற்கு ஆகாது. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், மஞ்சள் யாரும் பூசலாம். கண்ணியில் 70 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

முத்திரையைப் பார்த்தபின் அளவெடுங்கள். 10 மில்லிமீற்றர் என்று சொல்லி 9 மில்லிமீற்றரைத் தந்தால் அறும் பாரத்தில் ஐந்திலொரு பங்கு போய்விடும். கடையில் 'மூன்று நூல்' என்றால் 9.5 மில்லிமீற்றர், 'நாலு நூல்' என்றால் 12.7. பூச்சுக்கு மேலால் அளந்தால் தடிப்புக் கூடத் தெரியும், ஆகவே பூச்சு மெல்லிய இடத்தில் இரண்டு திசையில் அளந்து நடுவெடுங்கள். கண்ணி குட்டையானதாக இருக்க வேண்டும்: 10 மில்லிமீற்றர்ச் சங்கிலியின் ஒரு கண்ணி உள்ளே 30 மில்லிமீற்றர் நீளம், பத்துக் கண்ணி சேர்ந்தால் 300. நீண்ட கண்ணி கட்டைச் சுற்றி வளையும்போது நடுவில் மடிந்து வாங்கும், இழுவைக்கு அது தோதில்லை. நிறுத்துப் பார்க்கவும் கேளுங்கள். 10 மில்லிமீற்றர்க் குட்டைக் கண்ணிச் சங்கிலி மீற்றருக்கு 2.2 கிலோவுக்குக் கிட்ட நிற்கும்.

முத்திரையுள்ள சங்கிலி உள்ளூர்க் கடையில் இல்லாவிட்டால் கொழும்பில் தூக்கு உபகரணம் விற்கிற கடைகளில் கிடைக்கும். பஞ்சிகாவத்தைக்கு மெசின் சாமான் வாங்கப் போகிறவரிடம் சொல்லிவிடலாம். சோதனைச் சான்றிதழோடு தரச் சொல்லுங்கள். சான்றிதழில் உள்ள குறியும் கண்ணியில் உள்ள குறியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எந்த மெசினுக்கு எது

இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டருக்கு 8 மில்லிமீற்றர் கிரேட் 80 தாராளம். மாசி பெர்குசன் 240 மாதிரி 45 முதல் 50 குதிரைவலு வரையான நாலு சில்லு மெசின் இரண்டு தொன் அளவில் நிற்கும். அதற்கு 10 மில்லிமீற்றர் கிரேட் 80. வெட்டு மெசினை இழுக்க வேண்டி வரும் இடத்தில், அல்லது 75 குதிரைவலுவுக்கு மேற்பட்ட மெசினோடு வேலை செய்யும் இடத்தில் 13 மில்லிமீற்றர்.

இதற்குக் காரணம் இருக்கிறது. இழுக்கும் மெசின் எவ்வளவு குதிரைவலுவானாலும், சில்லு நிலத்தைப் பிடிக்கும் அளவுக்குத்தான் இழுக்க முடியும். காய்ந்த உறுதியான மண்ணில் பின்சில்லின் மேல் நிற்கும் பாரத்தின் பாதிக்குச் சற்று மேல், ஈர மண்ணில் அதிலும் குறைவு. இரண்டு தொன் மெசின் மெதுவாக இழுக்கும்போது சங்கிலியில் ஒன்றரைத் தொன்கூட ஏறுவது அரிது. அப்படியானால் 3.15 தொன் சங்கிலி எதற்கு? மெதுவான இழுவைக்கு அது தேவையைப்போல இரண்டு மடங்குதான். சங்கிலியை அறுப்பது வெட்டி இழுக்கும் இழுவை.

சங்கிலியைத் தொய்ய விட்டு, ஓடி வந்து ஒரு வெட்டு வெட்டி இழுக்கிற பழக்கத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு தொன் மெசின், ஆள் நடக்கிற வேகம், மணிக்கு 5 கிலோமீற்றர். சங்கிலி விறைக்கும் கணத்தில் சங்கிலியும் கொழுக்கியும் மண்ணுமாகச் சேர்ந்து 5 சென்ரிமீற்றர் இடம் கொடுத்து மெசினை நிறுத்துகின்றன என்று வைத்தால், அந்தக் கணத்தில் சங்கிலியில் ஏறும் உச்சப் பாரம் எட்டுத் தொன்னுக்குக் கிட்ட. கிரேட் 30இல் 10 மில்லிமீற்றர் 4.8 தொன்னில் அறும் என்று மேலே கண்டோம். அது நின்று பிடிக்க வழியே இல்லை. கிரேட் 80 அறாது, ஆனால் வேலைப் பாரத்தைப்போல இரண்டரை மடங்கு ஏறியிருக்கும். இரண்டு மூன்று தரம் அப்படி வெட்டினால் கண்ணி நீளும், கொழுக்கி வாய் விரியும், பிறகு ஒருநாள் சின்ன இழுவையில் அறும். 'நேற்றுப் பெரிய மெசினை இழுத்தது, இன்று வெறும் பெட்டிக்கு அறுந்தது' என்றால் பழி நேற்றைய வெட்டுக்குத்தான்.

புதைந்த மெசின் எவ்வளவு இழுவை கேட்கும் என்பதற்கு ஒரு பொது அளவு உண்டு. சில்லு மட்டத்துக்குப் புதைந்தால் மெசினின் நிறை அளவு. சில்லின் மேல்மூடி மட்டத்துக்குப் போனால் நிறையைப்போல இரண்டு மடங்கு. அதற்கும் மேல் என்றால் மூன்று மடங்கு. மூன்று தொன்னுக்கு மேற்பட்ட வெட்டு மெசின் வயிறு முட்டப் புதைந்தால் ஒன்பது தொன்னுக்கு மேல் கேட்கும். அதை எந்த உழவு மெசினும் வெறுமனே இழுக்காது, சங்கிலியை மாற்றியும் பயனில்லை. மண்வெட்டிதான் முதல் வேலை. கட்டுக்கரைக்குளத்தின் கீழ் முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களி இன்னும் மோசம், அடிப்பக்கத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். சில்லுக்கு முன்னும் பின்னும் சரிவாக வெட்டி, வயிற்றுக்கு அடியில் தண்ணீரும் காற்றும் புக வழி விட்டால் கேட்கும் இழுவை பாதியாகக் குறையலாம். நெல்லை இறக்குங்கள். 65 கிலோ மூட்டை ஐம்பது என்றால் 3.25 தொன். பத்துப்பேர் சேர்ந்து சுமந்து வரம்பில் அடுக்குவது கஷ்டமான வேலை, என்றாலும் அச்சு முறிந்தால் வரும் செலவோடு பார்த்தால் லேசு.

பழைய சங்கிலிகள்

வன்னியில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2009இல் போர் முடிந்தபின் பழைய இரும்பாக வந்த சங்கிலிகள் இன்னும் பல வளவுகளில் கிடக்கின்றன. பார்க்கத் தடிப்பாக, முத்திரையோடுகூட இருக்கும். எரிந்த வாகனத்திலிருந்து கழற்றியதா என்பதுதான் கேள்வி. பதப்படுத்திய உருக்கின் பலம் சூட்டில் போய்விடும். கிரேட் 80 சங்கிலியின் வெப்பம் 200 பாகை செல்சியஸைத் தாண்டினால் வேலைப் பாரத்தைக் குறைத்துத்தான் பயன்படுத்த வேண்டும், 400 பாகையைத் தாண்டினால் கழிக்கவே வேண்டும். எரிகிற வாகனத்துக்குள் சூடு அதற்கு மேலே போகும். முத்திரை அப்படியே இருக்கும், பலம் இருக்காது. பூச்சு முழுவதும் போய், நீலம் அல்லது சாம்பல் படிந்து, செதில் செதிலாகத் துரு கழரும் சங்கிலியை இழுவைக்கு எடுக்காதீர்கள். எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆளில்லாத சங்கிலியும் அப்படித்தான்.

இதே காரணத்துக்காகவே, வளைந்த கண்ணியைச் சூடாக்கி அடித்து நிமிர்த்தக் கூடாது. அறுந்த கண்ணியை வெல்டிங் கடையில் ஒட்டவும் கூடாது. ஒட்டிய இடம் உறுதியாகத் தெரியும், அதற்குப் பக்கத்தில் சூடு பட்ட இடம் பதம் கெட்டு நிற்கும், அடுத்த முறை அங்கேதான் விடும். பழுதான கண்ணியை வெட்டி எடுத்துவிட்டு, அதே கிரேட், அதே அளவு இணைப்புக் கண்ணி ஒன்றைப் பூட்டுங்கள். இரண்டு பாதியாக வந்து நடுவில் ஊசி அடித்துப் பூட்டும் வகை அது. வெட்டுவதற்கும் காஸ் வேண்டாம், கிறைண்டர்த் தட்டால் வெட்டி ஈரத் துணியால் குளிரவையுங்கள்.

முனைகள்: சங்கிலியைவிட அடிக்கடி விடுவது இவைதான்

நல்ல சங்கிலியை வாங்கிவிட்டு, முனையில் கட்டடக் கம்பியில் செய்த கொழுக்கியையோ அரை அங்குல போல்டையோ போடுவது வீண். சாதாரண போல்ட் வளைந்து, நட்டுக் கழன்று, துப்பாக்கிச் சன்னம்போலப் பறக்கும். சங்கிலிக் கண்ணிக்குள் போல்டைக் கோத்து நீளம் குறைப்பதும் அதே ஆபத்துத்தான்.

பூட்டுக்கு 'சக்கிள்' (வளைந்த இரும்பும் அதன் வாய்க்குக் குறுக்கே போகும் ஊசியும் கொண்டது) வாங்கும்போது அதன் உடலில் வேலைப் பாரம் பொறித்திருக்க வேண்டும். வில் வடிவச் சக்கிளில் உடல் தடிப்பு 13 மில்லிமீற்றர் என்றால் 2 தொன், 16 என்றால் 3.25, 19 என்றால் 4.75, 22 என்றால் 6.5 தொன். ஆகவே 10 மில்லிமீற்றர் கிரேட் 80 சங்கிலிக்கு 16 மில்லிமீற்றர்ச் சக்கிள் பொருந்தும், 13 மில்லிமீற்றர்ச் சங்கிலிக்கு 22.

இங்கே பலர் கடையில் கவனிக்காமல் விட்டு வயலில் வந்து முழிக்கிற விஷயம் ஒன்று. 16 மில்லிமீற்றர்ச் சக்கிளின் ஊசி 19 மில்லிமீற்றர் தடிப்பு. 10 மில்லிமீற்றர்ச் சங்கிலிக் கண்ணியின் உள்ளகலம் 13 மில்லிமீற்றர் மட்டில். ஊசி உள்ளே போகாது. அதனால் சின்னச் சக்கிளைத் தேடிப் போட்டு, அங்கே பலத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். சங்கிலி வாங்கும்போதே ஒரு முனையில் இணைப்புக் கண்ணியால் பெரிய வளையம் ஒன்றைப் பூட்டி வாங்குங்கள். சக்கிள் அந்த வளையத்தில் கோக்கும். மறு முனையில் கொழுக்கி.

கொழுக்கியில் இரண்டு வகை. வாய் அகன்றது சங்கிலியை வழுக்க விடும், கட்டையைச் சுற்றிச் சுருக்குப் போட உதவும். வாய் ஒடுங்கியது ஒரு கண்ணியை நிறுத்திப் பிடிக்கும், நீளத்தை வேண்டிய இடத்தில் மட்டுப்படுத்தலாம். வயல் வேலைக்கு ஒடுங்கிய வாய்க் கொழுக்கி நல்லது, தொய்ந்தாலும் கழராது. எந்த வகையானாலும் பாரம் கொழுக்கியின் அடிவளைவில் உட்கார வேண்டும். நுனியில் மாட்டி இழுத்தால் முதல் இழுவையிலேயே வாய் விரியும். கொழுக்கியிலும் சங்கிலியின் கிரேட்டும் அளவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீளம் 6 மீற்றர், ஏறக்குறைய 20 அடி. அதற்குக் குறைந்தால் இழுக்கும் மெசினும் சேற்றுக்குள் இறங்க வேண்டி வரும். தேவைக்கு மேல் நீளமாக வாங்கினால் பாரம். தூரம் போதாவிட்டால் இரண்டை வளையத்தோடு வளையம் சேருங்கள், முடிச்சுப் போடாதீர்கள். முடிச்சில் கண்ணிகள் ஒன்றின் விளிம்பில் ஒன்று ஏறி வளையும்.

வயலில்

முறுக்கை எடுங்கள். சங்கிலி முழுவதையும் நிலத்தில் நேராக விரித்து, கண்ணிகள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றனவா என்று கையால் தடவிக்கொண்டு நடங்கள். ஒரு முறுக்கு இருந்தாலும் அந்தக் கண்ணி வளைந்து வாங்கும்.

இழுக்கும் மெசினில் கொழுவும் இடம் பின்னால் உள்ள இழுவைச் சட்டம், பின் அச்சின் மட்டத்துக்குக் கீழே. மேல் இணைப்புக் கம்பி பூட்டும் இடத்திலோ, அச்சைச் சுற்றியோ, ஹைட்ரோலிக் கைகளிலோ ஒருபோதும் கொழுவாதீர்கள். மேலே கொழுவினால், பாரம் அசையாதபோது சில்லு மெசினையே தூக்கும். முன்பக்கம் எழும்பி, ஓட்டுகிறவர் கிளச்சை மிதிக்க நினைப்பதற்குள் மெசின் பின்னால் கவிழ்ந்துவிடும், தடுக்க முடியாத கட்டத்துக்குப் போக ஒரு நொடிகூட எடுக்காது. இந்த வேலையில் உயிர் போவது சங்கிலி அறுவதால் மட்டுமல்ல, இதனாலும்தான். அதே காரணத்துக்காகவே, புதைந்த மெசின் தன் சொந்தப் பலத்தில் ஏறட்டும் என்று பின்சில்லோடு மரக்கட்டையைச் சேர்த்துக் கட்டிச் சுற்ற விடுவதும் ஆபத்து.

புதைந்த மெசினை வந்த வழியே பின்னால் இழுப்பது லேசு, சில்லுத் தடம் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். முன்னால் இழுத்தாக வேண்டுமென்றால் முன் சட்டத்தில் இழுவைக்கென்று உள்ள ஊசியில் கொழுவுங்கள். முன் அச்சுக் கையிலோ ஸ்டியரிங் கம்பியிலோ கொழுவினால் மெசின் வெளியே வரும், நேராக ஓடாது.

நடுச் சங்கிலியில் ஈரச் சாக்கு இரண்டைப் போடுங்கள். அறுந்தால் துள்ளலைக் கொஞ்சம் அமுக்கும், முழுப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். சங்கிலி நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள், எந்தப் பக்கத்திலும், யாரும் நிற்கக் கூடாது. 6 மீற்றர்ச் சங்கிலிக்கு 9 மீற்றர். பிள்ளைகளை வரம்பில் நின்று பார்க்கவும் விடாதீர்கள். கை காட்ட ஒருவர் மட்டும், இரண்டு ஓட்டுநருக்கும் தெரியும் இடத்தில்.

பிறகு மிகக் குறைந்த கியர். கிளச்சை மெல்ல விட்டு, சங்கிலி நிலத்திலிருந்து எழும்பி விறைக்கும் மட்டும் தவழ வேண்டும். விறைத்ததும் ஒரு கணம் நிறுத்தி, கொழுக்கி சரியாக உட்கார்ந்ததா என்று கை காட்டுகிறவர் தூரத்திலிருந்தே பார்த்துத் தலையாட்டியபின்தான் வேகம் கொடுக்க வேண்டும். சில்லு சும்மா சுற்றத் தொடங்கினால் நிறுத்துங்கள், மண்ணை இன்னும் வெட்டி எடுங்கள். பின்னால் போய் ஓடி வந்து இழுக்கிற யோசனை அப்போதுதான் வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

ஒரு வளையத்திலிருந்து இரண்டு சங்கிலிகளை விரித்து இரண்டு இடத்தில் கொழுவினால் பாரம் பாதி பாதியாகும் என்பது எப்போதும் சரியில்லை. இடைக்கோணம் 60 பாகை என்றால் ஒவ்வொன்றிலும் மொத்த இழுவையின் 58 வீதம். 90 என்றால் 71 வீதம். 120 என்றால் ஒவ்வொன்றும் முழு இழுவையையும் தாங்கும். ஒடுக்கமாகக் கொழுவுங்கள்.

கட்டை பிடுங்கும்போது மரத்தை மட்டமாகத் தறிக்காமல் மூன்று நாலு அடி விட்டு வைத்தால், மேல் பகுதியில் சங்கிலியைச் சுற்றி நெம்பு பலம் எடுக்கலாம். மெசினில் கொழுவும் இடம் மட்டும் கீழேயே இருக்க வேண்டும். பக்க வேர்களை முதலில் வெட்டிவிடுங்கள். சுருக்குப் போட்டு இழுக்கும்போது சங்கிலியின் வேலைப் பாரத்தை ஐந்திலொரு பங்கு குறைத்துக் கணக்கிடுங்கள், 3.15 தொன் 2.5 ஆகும். கூரான கல்லோ இரும்பு விளிம்போ சங்கிலியில் பட்டால் நடுவில் பலகைத் துண்டு வையுங்கள். வேம்பு, ஈச்சை போன்றவை இப்படி வரும். பாலை, முதிரை வேர்க்கட்டையோடு இரண்டு தொன் மெசினை மல்லுக்கட்ட விடாதீர்கள். மண் தோண்டும் பெக்கோவை ஒரு மணித்தியாலம் பிடிப்பது கியர்ப்பெட்டி திறப்பதைவிட மலிவு.

காணி கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்பது தெரியாமல் கட்டை பிடுங்கத் தொடங்கவே கூடாது. முகமாலை, கிளாலிப் பக்கம் மட்டுமல்ல, பழைய காவலரண் மண் அணைகள் இருந்த எந்தக் காணியிலும் இது பொருந்தும். வேரோடு வருகிற மண்ணில் மரக் கட்டையோடு சேராத எதையும் கண்டால் மெசினை நிறுத்தி, வந்த தடத்திலேயே திரும்பி நடந்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். தொட்டுப் பார்க்க வேண்டாம்.

பிறகு

சேற்றைக் கழுவி, வெயிலில் காயவிட்டு, எண்ணெய்த் துணியால் துடைத்து, நிலத்தில் படாமல் தொங்க விடுங்கள். உரப்பைக்குள் போட்டு வைக்கிற பழக்கத்தை விட வேண்டும். யூரியாவும் ஈரமும் சேர்ந்து கண்ணிக்கு இடையில் அரிக்கும். துரு எடுக்க அசிட் ஊற்றுவது, பெற்றி அசிட் சிந்திய இடத்தில் வைப்பது இரண்டும் கிரேட் 80க்கு நஞ்சு. அசிட்டால் உருக்குக்குள் ஐதரசன் புகுந்து, வெளியே ஒன்றும் தெரியாமல், கண்ணாடிபோல வெடிக்கும் தன்மை வந்துவிடும். கம்பித் தூரிகை போதும்.

போகத்துக்கு ஒருமுறை பத்துக் கண்ணியை இழுத்து நேராக்கி அளங்கள். 10 மில்லிமீற்றர்ச் சங்கிலி 300 மில்லிமீற்றரிலிருந்து 315ஐத் தொட்டால் அதன் காலம் முடிந்தது. கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் உள்வளைவில், இரண்டு திசையில் அளந்து எடுத்த நடு 9 மில்லிமீற்றருக்குக் கீழே போனாலும் அப்படியே. கொழுக்கியைக் கடையில் வாங்கிய அன்று அதன் வாய் எவ்வளவு அகலம் என்று வர்ணத்தால் சுவரில் எழுதி வையுங்கள், பத்திலொரு பங்கு விரிந்தால் மாற்ற வேண்டும். விரிசலுக்கு ஒரு கண்ணியையும் விடாமல் பாருங்கள். டீசலில் துடைத்து, வெண்கட்டித் தூளைப் பூசினால் மயிர் விரிசலிலும் எண்ணெய் ஊறிக் கோடாகத் தெரியும்.

இழுவைக்குப் பயன்பட்ட சங்கிலியால் கிணற்றுக்குள் மோட்டரையோ வளையத்தையோ இறக்காதீர்கள், கீழே ஆள் நிற்கும் வேலைக்கு அது உதவாது. கழிக்க வேண்டிய சங்கிலியை அப்படியே கொட்டிலில் எறிந்து வைத்தால் அவசரத்தில் யாரோ எடுத்துக் கொழுவுவார். அரை அடித் துண்டுகளாக வெட்டிப் பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுங்கள்.